வேலி தாண்டியதா என்று அம்மா கேட்டார்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்த எங்களை உள்ளே கூப்பிட்டு, ஸ்டீல் தட்டில் இருந்த அம்மாவின் வலது மேல் நுரையீரல் மடலைக் காட்டினார்கள். ஈரப் பஞ்சு மாதிரி, கருஞ்சிவப்பும் சாம்பலும் கலந்து இருந்தது. ஓரத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் தொப்புள் போல உள்ளே இழுத்துச் சுருங்கியிருந்தது. "இதுக்கு அடியிலதான் கட்டி. முழுசா எடுத்தாச்சு" என்றார் சர்ஜன். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அந்தச் சுருக்கத்திலிருந்து கண் எடுக்க முடியவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். துணியில் ஒரு நூல் இழுத்திருந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும்.

பிறகு அந்தச் சுருக்கம்தான் அம்மாவின் ஸ்டேஜையும் சிகிச்சையையும் மாற்றியது. ஆபரேஷன் முடிந்து பத்து, பன்னிரண்டு நாளில் எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கைக்கு வரும் பேத்தாலஜி ரிப்போர்ட்டை யாரும் சரியாக உட்கார்ந்து படிப்பதில்லை. "கேன்சர்தான், எடுத்தாச்சு" என்ற இரண்டு வார்த்தையோடு ஃபைலில் போய்விடுகிறது. அதில் என்னென்ன இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன கேட்க வேண்டும் என்று நாங்கள் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 61. காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), மூன்று மாடுகள். பீடி, சிகரெட் வாடையே ஆகாதவர். விறகடுப்பில் வாழ்நாள் முழுக்கச் சமைத்தவர். இருமல் தொடங்கியதும் முதலில் மருந்துக்கடை டானிக், அப்புறம் எக்ஸ்ரே. மேல் பக்கம் நிழல் தெரிந்ததும் காசநோய் என்று மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் நான்கு மாதம் ஓடியது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, எடை குறைந்தது, இருமல் மட்டும் குறையவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பழைய ஆட்களுக்கு நெஞ்சுச் சீக்கு என்றாலே பெருந்துறை சானடோரியம்தான் ஞாபகம். அம்மாவின் அப்பாருவும் அங்கே படுத்து எழுந்தவராம். அதனால் காசநோய் என்றதும் அம்மா சந்தேகப்படவே இல்லை. எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சளிப் பரிசோதனையில் கிருமி வரவில்லை, இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் நிழல் சுருங்கவில்லை என்றால், அடுத்த எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்காமல் சிடி ஸ்கேனும் பயாப்சியும் கேளுங்கள்.

கோயம்புத்தூரில் சிடி வழிகாட்ட ஊசி போட்டு எடுத்த பயாப்சியில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்றுநோய், என்று வந்தது. பெட் சிடி, மூளைக்கு எம்ஆர்ஐ, மூச்சுத்திறன் பரிசோதனை எல்லாம் முடிந்தன. பரவல் தெரியவில்லை. மாமா ஒருவர், "கத்தி வெச்சா காத்துப் பட்டுப் பரவிருமாமா" என்று போனில் சொன்னார். அப்படி எதுவும் இல்லை. ஆரம்ப நிலையில் உள்ள நுரையீரல் புற்றுநோயைக் குணப்படுத்தும் முதல் வாய்ப்பே ஆபரேஷன்தான். அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஒறம்பரை முழுக்கத் தடுத்தது. நான் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செரி கண்ணு, வெசனப்படாத. என்ன பண்ணோணுமோ பண்ணலாம்" என்றார். 2024 செப்டம்பரில் கேமரா வைத்து, சிறு துளைகள் வழியாக மடலை எடுத்தார்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை அம்மா நாளுக்குப் பத்து முறை ஊதவேண்டும் என்று நினைத்து ஊதிக்கொண்டிருந்தார். அது ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சுவதற்கு. மூன்றாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வந்துதான் திருத்தினார். அதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம்தான். நடுத்தர வேறுபாடுள்ள அடினோகார்சினோமா, அளவு 2.4 சென்டிமீட்டர், வெட்டு விளிம்புகளில் நோய் இல்லை, 13 நிணநீர்க் கணுக்களில் எதிலும் இல்லை. ஸ்டேஜ் 1ஏ3. "நல்ல ரிப்போர்ட்டுங்க, இனி ஸ்கேன் மட்டும் பாத்துட்டு இருந்தாப் போதும்" என்றார்கள். வீட்டில் ஒப்புட்டு சுட்டோம்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் பகுதியில், கண்ணால் பார்த்ததை விவரிக்கும் இடத்தில், 'புளூரா சுருங்கியுள்ளது' என்று இருந்தது. புளூரா என்றால் நுரையீரலின் மேலுறை. நான் தட்டில் பார்த்த அதே சுருக்கம். ஆனால் மைக்ராஸ்கோப் பகுதியில் புளூராவைப் பற்றி, 'கட்டி நெருங்கியுள்ளது' என்பதோடு முடித்திருந்தார்கள். நெருங்கியுள்ளது என்றால் தொட்டதா, தாண்டியதா? எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு செக்கிங் ரிப்போர்ட் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் சர்ஜனிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஸ்லைடுகளையும் பிளாக்கையும் வாங்கி, நுரையீரல் நோய்க்கூறு அதிகம் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் மறுபார்வைக்குக் கொடுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். இதற்கு நோயாளியின் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு. லேப் கவுண்டரில் இரண்டு தடவை அலைந்தோம், மூன்றாம் தடவை கொடுத்தார்கள்.

பிளாக் என்பது என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, மெழுகுக்குள் அம்மாவின் சதை ஒரு பழுப்புத் துணுக்காக. சட்டத்தின் சரிவில் பென்சிலில் எண். ஃபார்மலினில் ஊறவைத்த திசுவை இப்படி மெழுகில் பதித்து வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும், வேண்டும்போது சீவி எடுத்துப் பல பரிசோதனைகள் செய்யலாம். அந்த மெழுகு 60 டிகிரிக்கு உள்ளேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் பூட்டிய கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நான் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன்.

மறுபார்வை செய்த டாக்டரம்மாவை நேரிலேயே பார்த்தோம். அம்மாவும் வந்தார். பேத்தாலஜி டாக்டரை நோயாளி பார்க்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் முடியாதுதான், ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம். இருவர் பார்க்கிற மைக்ராஸ்கோப்பின் மறுபக்கம் அம்மாவை உட்காரவைத்து அவர் காட்டினார்.

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைதான் புளூரா. அதற்குள் எலாஸ்டின் நாரால் ஆன ஒரு வரி ஓடுகிறது. வழக்கமாகப் போடும் இளஞ்சிவப்பு, ஊதா சாயத்தில் அந்த வரி சரியாகத் தெரியாது. எலாஸ்டிக் சாயம் என்று தனியாகப் போட்டால் கறுப்பு நூல் மாதிரி எழுந்து நிற்கும். அம்மாவின் ஸ்லைடில் அந்தக் கறுப்பு நூல் நேராக வந்து, ஓர் இடத்தில் பிய்ந்து, அந்தப் பக்கமும் கட்டியின் செல்கள் நின்றன. உறையின் வெளி மேற்பரப்பு வரை வரவில்லை. இதற்குப் பெயர் பிஎல்1. நாரைத் தாண்டாவிட்டால் பிஎல்0, மேற்பரப்புக்கே வந்துவிட்டால் பிஎல்2, நெஞ்சுச் சுவர்ப் பக்கத்து உறைக்குள் போயிருந்தால் பிஎல்3.

அம்மா கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஏனுங்க, அப்ப வேலியத் தாண்டிருச்சுங்களா?"

"ஒரு வேலி தாண்டியிருக்குங்கம்மா. தோட்டத்த விட்டு வெளிய போகல."

கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி போட்டு மாடு மேய்த்தவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புளூரா என்ற வார்த்தையே கிடையாது, வேலிதான்.

அந்த ஒரு வரியால் கணக்கு இப்படி மாறியது. 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டி டி1. 2-க்கு மேல் 3 வரை டி1சி. அம்மாவுடையது அளவில் டி1சிதான். ஆனால் புளூராவின் நாரைத் தாண்டியிருந்தால், கட்டி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் டி2ஏ, அதாவது 3 முதல் 4 சென்டிமீட்டர் கட்டிக்குச் சமம். கணுக்களில் இல்லாததால் ஸ்டேஜ் 1ஏ3-லிருந்து 1பி ஆனது. உங்கள் ரிப்போர்ட்டில் புளூரா வரியில் இந்த எண் இல்லாவிட்டாலோ, சந்தேகமாக எழுதியிருந்தாலோ, எலாஸ்டிக் சாயம் போட்டீர்களா என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

அடுத்தது, கட்டியின் செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்று சொல்லும் அந்த 'நடுத்தர வேறுபாடு' என்ற பழைய வார்த்தை. நுரையீரல் அடினோகார்சினோமா பெரும்பாலும் ஒரே மாதிரி வளர்வதில்லை, ஒரே கட்டிக்குள் பல அமைப்புகள் கலந்திருக்கும். லெபிடிக் என்பது காற்றுப்பையின் சுவரை உடைக்காமல் அதன்மேலேயே படர்வது. வேலிமேல் கோவைக்கொடி ஏறுகிற மாதிரி. இருப்பதிலேயே சாது இதுதான். அசினார், பாப்பிலரி இரண்டும் நடுத்தரம். சாலிட், மைக்ரோபாப்பிலரி, சல்லடை போன்ற சிக்கலான சுரப்பி அமைப்பு ஆகியவை முரட்டு ரகம். இந்த முரட்டு அமைப்புகள் சேர்ந்து 20 சதவீதத்தைத் தொட்டாலே, மீதி எதுவாக இருந்தாலும் கிரேடு 3, அதாவது இருப்பதிலேயே முரட்டுத் தரம். உலக நுரையீரல் புற்றுநோய் ஆய்வுச் சங்கம் 2020-ல் முன்வைத்த இந்த முறையை, அதற்கு அடுத்து வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாடும் எடுத்துக்கொண்டது. அம்மாவுக்கு லெபிடிக் 15, அசினார் 55, மைக்ரோபாப்பிலரி 30. முதல் ரிப்போர்ட்டில் 'நடுத்தரம்' என்று ஒரு வார்த்தையில் போனது, சதவீதம் பிரித்ததும் கிரேடு 3 ஆகிவிட்டது. சதவீதம் எழுதாத ரிப்போர்ட்டை இனி நான் முழு ரிப்போர்ட் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மைக்ரோபாப்பிலரியையும் காட்டினார். காற்று இருக்கவேண்டிய வெற்றிடத்தில் தண்டு இல்லாத சின்னச் சின்னச் செல் கொத்துகள் மிதந்தன. நொய்யல் குளங்களில் ஆகாயத்தாமரை வேர் பிடிக்காமல் கொத்துக்கொத்தாக மிதக்குமே, அப்படி. கட்டியின் விளிம்பைத் தாண்டியும் சில காற்றுப்பைகளில் அதே கொத்துகள். இதற்கு ஸ்டாஸ் என்று பெயர், காற்றுவெளி வழியாகப் பரவுதல். நுரையீரலில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தவர்களுக்கு ஸ்டாஸ் இருந்தால், அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. அம்மாவுக்கு மடலையே எடுத்துவிட்டதால் அந்தக் கவலை குறைவு என்றார். சிறு துண்டு மட்டும் எடுத்த குடும்பங்கள் இந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும், விளிம்புக்கும் கட்டிக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து. ரத்தக்குழாய், நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்ததா என்பதும் தனி வரி. அம்மாவுக்கு இல்லை.

கணு வரியைப் படிப்பது எளிது. ஒவ்வொரு கணுக் கூட்டத்துக்கும் எண் உண்டு. 2 முதல் 9 வரை நடுநெஞ்சுப் பகுதி, அங்கே அதே பக்கத்தில் நோய் இருந்தால் என்2. 10 முதல் 14 வரை நுரையீரலின் வேரும் உள்பகுதியும், அங்கே இருந்தால் என்1. எத்தனை கணு என்பதோடு எந்தெந்த எண்களிலிருந்து எடுத்தார்கள் என்றும் பாருங்கள். நடுநெஞ்சில் குறைந்தது மூன்று இடங்கள், வேர்ப் பகுதியில் குறைந்தது ஒன்று பார்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இரண்டே கணுவைப் பார்த்துவிட்டு 'கணுவில் இல்லை' என்பதும், பல இடங்களில் தேடிவிட்டு இல்லை என்பதும் ஒன்றல்ல. அம்மாவுக்கு 2, 4, 7, 10, 11 என்று ஐந்து இடங்களிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்த விஷயத்தில் சர்ஜனுக்கு எங்கள் நன்றி.

அன்றைக்கு ராத்திரி நான் செய்த தப்பு, போனில் சதவீதம் தேடியது. ஆபரேஷனுக்குப் பின் உறுதியான ஸ்டேஜ்படி ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் 1ஏ3-ல் 80 சதவீதம், 1பி-யில் 73, 2பி-யில் 56, 3ஏ-யில் 41. ஏழு சதவீதம் கையை விட்டுப் போனதாக நினைத்து விடிய விடிய அழுதேன். புற்றுநோய் மருத்துவர்தான் பிறகு விளக்கினார். அந்த எண்கள் 1999-க்கும் 2010-க்கும் இடையே நோய் கண்டறியப்பட்டவர்களிடமிருந்து வந்தவை. ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது கொடுக்கும் மாத்திரைகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேறு காரணத்தால் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. கூட்டத்துக்குச் சொன்ன எண்ணை ஓர் ஆளுக்குப் பொருத்த முடியாது. ஸ்டேஜ் ஏறியதால் நோய் ஏறவில்லை, இருந்த நோய் இப்போது சரியாகத் தெரிகிறது என்றார் அவர். எனக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது.

ஏன் சரியாகத் தெரியவேண்டும் என்பதற்குப் பதில் அடுத்த பரிசோதனையில் வந்தது. அதே பிளாக்கிலிருந்து சீவி ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் பார்த்தார்கள். நம் நாட்டில் நுரையீரல் அடினோகார்சினோமா உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் இன்னும் அதிகம். அம்மாவுக்கு அதில் ஒரு வகையான எக்ஸான் 19 நீக்கம் இருந்தது. 1பி முதல் 3ஏ வரை, இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் மூன்று வருடம், அந்த மாற்றத்தைக் குறிவைத்து வேலை செய்யும் ஓசிமெர்டினிப் மாத்திரை. அடாரா என்ற ஆய்வில் 682 பேர். மாத்திரை எடுத்தவர்களில் ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 88 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 78. 1ஏ3 என்ற முதல் ரிப்போர்ட்டோடு நாங்கள் நின்றிருந்தால் இந்தப் பரிசோதனையே நடந்திருக்காது, மாத்திரையும் இல்லை.

கீமோ பற்றியும் பேசினோம். 4 சென்டிமீட்டருக்குக் குறைவான, கணுவில் இல்லாத கட்டிக்கு அதன் பலன் தெளிவாக நிரூபணமாகவில்லை, கிரேடு 3 இருப்பதால் வேண்டுமென்றால் யோசிக்கலாம் என்றார் டாக்டர். அம்மா வேண்டாம் என்றார். அது அவர் முடிவு. கணுவில் நோய் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கீமோவை இதைப் படித்துவிட்டுத் தள்ளாதீர்கள். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இல்லாவிட்டால் ஏஎல்கே என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம், அப்புறம் பிடி-எல்1 என்ற புரதம் பார்க்கச் சொல்லுங்கள். இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியை நோய்மேல் ஏவும் சிகிச்சை) தொடங்கும் முன்பே மரபணு ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

மாத்திரை விலை அதிகம். 2024 பட்ஜெட்டில் இதற்குச் சுங்க வரியை நீக்கினார்கள், ஜிஎஸ்டியும் அதே வருடம் 12-லிருந்து 5 சதவீதமானது. அப்படியும் சுமைதான். ஆபரேஷனில் ஒரு பகுதி முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போனது. மாத்திரைக்கு மருத்துவமனை மருந்தகத்தில் நோயாளி உதவித் திட்டம் பற்றிக் கேட்டு, விண்ணப்பம் போட்டு, அண்ணன் ஒரு மாட்டை விற்று, இப்படித்தான் ஓடுகிறது.

ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் 80 மில்லிகிராம் ஒரு மாத்திரை. வயிற்றுப்போக்கு முதல் இரண்டு மாதம் இருந்தது, தோல் வறண்டது. அம்மாவை அழவைத்தது நகச்சுத்துதான். இரண்டு கட்டைவிரலும் நகக்கண்ணில் வீங்கிச் சீழ் வைத்து, பால் பீச்ச முடியாமல் போனது. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் விரலை வைத்து, டாக்டர் கொடுத்த களிம்பு போட்டு, நகத்தை ஒட்ட வெட்டாமல் விட்டதில் அடங்கியது. இதயத்துக்கு இசிஜி, எக்கோ அவ்வப்போது பார்க்கிறார்கள். புதிதாக மூச்சுத்திணறலோ வறட்டு இருமலோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் அரிதாக மாத்திரையே நுரையீரலை அழற்சியாக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிடி. ஸ்கேனுக்கு முந்தின வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை, அதற்கு மருந்து எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு ரிப்போர்ட்டுகள், மரபணு ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு நான்கும் ஒரே உறையில், மேலே ரத்த வகையும் மாத்திரைப் பெயரும் எழுதி பீரோவில் இருக்கின்றன. மீதி பிளாக் லேபில் திரும்பக் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று.

அடுத்த ஸ்கேன் வைகாசியில். அன்றைக்கு மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்று அம்மா இப்போதே அண்ணியிடம் பேசி வைத்துவிட்டார்.